ஊசிக்கு ஒரு தம்பி

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டதும், ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர் வாய் கூசாமல், "தம்பி வந்துக்கிட்டே இருக்கான்" என்றார்.

அவருக்குத் தம்பியும் கிடையாது, தங்கையும் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரோடு சத்தமாகப் பேசுவது குக்கர் மட்டும்தான்.

"வரட்டும். துணைக்கு ஆள் இல்லாம ஊசி போட மாட்டோம். டாக்டரம்மா அதுல ரொம்பக் கண்டிப்பு."

"அப்ப நாளைக்குப் போட்டுக்கலாமே?"

"இது கதிரியக்க மருந்துய்யா. உங்க ஒருத்தருக்குன்னே காலையில தயார் பண்ணினது. எலும்புல போய் ஒட்டிக்கிட்டு, கோளாறு எங்கன்னு கேமராவுக்குக் காட்டிக்கொடுக்கும். ஆனா நேரம் ஆக ஆக வீரியம் பாதி பாதியா குறைஞ்சுக்கிட்டே போகும். நாளைக்கு அதுல ஒண்ணும் மிஞ்சாது. மறுபடி உங்க முறை வர மாசக்கணக்காகும்."

முதுகு வலிக்குக் காரணம் தெரியாமல் பரிசோதகர் எத்தனையோ ராத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாயிற்று. கெட்ட வியாதியாக இருந்தால்? இன்னும் மாசக்கணக்கில் அந்தப் பயத்தோடு தனியாகக் கிடக்க அவரால் முடியாது.

வெளியே பெஞ்சில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் எனக்குத் தம்பியா இருக்க முடியுமா?"

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணேன்னு கூப்பிடணுமா, சும்மா நின்னா போதுமா?"

"கூப்பிட்டா நல்லது."

"சரிண்ணே."

'டிக்கெட் அண்ணன்கிட்ட இருக்கு' என்று அடுத்த பெட்டியைக் கைகாட்டியவர்களை வேலைக்காலம் முழுக்க விரட்டிப் பிடித்த மனிதர், இப்போது ஒரு தம்பியை இழுத்துக்கொண்டு போனார்.

நர்ஸ் அந்த ஒல்லி ஆளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "இவரா தம்பி?"

"கூடப்பிறந்தவன்."

தம்பி அதோடு வாயை மூடியிருக்கலாம். "சொன்ன பேச்சே கேக்க மாட்டாருங்க. மாத்திரையை ஒழுங்கா போடுறதே இல்ல" என்று ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மாத்திரை? உங்க ஃபாரத்துல எழுதலையே?"

"சத்து மாத்திரைம்மா" என்று பரிசோதகர் சமாளித்தார்.

"இன்னிக்குப் பூரா குழந்தைங்க, கர்ப்பிணிங்க பக்கம் போகக்கூடாது. வீட்ல அப்படி யாராவது இருக்காங்களா?"

"பேரன் பேத்திங்க இவர் மடியை விட்டு இறங்கவே மாட்டாங்க" என்று முந்திக்கொண்டார் தம்பி. "மருமக வேற மாசமா இருக்கா."

"அப்ப இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. இங்கேயே தனி அறையில இருக்கட்டும்."

"எல்லாரும் ஊருக்குப் போயாச்சும்மா" என்று பதறினார் பரிசோதகர்.

"எப்பண்ணே?"

"நீ தூங்கிக்கிட்டு இருந்தப்ப" என்று பல்லைக் கடித்தார்.

ஆனாலும் மடியில் பேரப்பிள்ளைகள் என்று கேட்க அவருக்குப் பிடித்திருந்தது. விலகி இருங்கள் என்று சொல்வதற்குக்கூட அவர் வீட்டில் ஆள் இல்லை.

ஒருவழியாக ஊசி போட்டாயிற்று. மருந்து எலும்பில் சேர மதியம்வரை காத்திருக்க வேண்டும்.

"நீங்க கிளம்புங்க. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்று பரிசோதகர் தம்பியிடம் மெதுவாகச் சொன்னார். போய்விடுவாரே என்று நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

தம்பி நகரவில்லை.

நர்ஸ் மருந்து இருந்த ஈயப் பெட்டியைத் திறந்து அடுத்த ஊசியை எடுத்தாள்.

"அவர் எங்கேயும் போக முடியாதுய்யா. இந்த ஊசி அவருக்குத்தான். காலையிலேருந்து 'அண்ணன் வந்துக்கிட்டே இருக்காரு'ன்னு சொல்லிக்கிட்டு வெளியில உக்காந்திருந்தாரு."