கிளம்ப மறுத்த வீட்டு வேன்

சாவியைத் திருகினால் 'டக்' என்றது. மறுபடி திருகினால் மறுபடி 'டக்'. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வேன் பிடிவாதமாக இருந்தது.

பூகோள வாத்தியார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய பழைய வீட்டு வேன் அது. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, குட்டி ஃபேன் எல்லாம் உண்டு. வகுப்பறைச் சுவரில் பிரம்பால் காட்டிய நதிகளையெல்லாம் மனைவியோடு நேரில் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். முதல் பயணத்துக்கு முன்பே மனைவி தனியாகக் கிளம்பிவிட்டாள், ஒரு வழிப் பயணமாக.

அதிலிருந்து வேன் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சாயங்காலமானால் வாத்தியார் அதற்குள் போய் விளக்கைப் போட்டு, ஃபேனைப் போட்டு, எதிர் இருக்கையைப் பார்த்தபடி டீ குடித்துவிட்டு வருவார். அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால்கூட எல்லோருக்கும் செல்போனில் ஏதோ அவசரம் வந்துவிடும். ஏனென்று கேட்க ஆளில்லாத இடத்தில் எதற்கு இருப்பது?

"நாளைக்குக் காலையில கிளம்பறேங்க. இனிமே ரோடுதான் வீடு" என்று நேற்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னார்.

"அப்படியா சார்!" என்று செயலாளர் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

இப்போது வேன் 'டக்' என்கிறது.

"என்ன சார், கிளம்பலையா?"

ஜன்னலோரம் மாடி வீட்டு பேங்க் மேனேஜர். வாயில் பற்பசை நுரை, கையில் பிரஷ். அப்படியே ஓடி வந்திருந்தார்.

"என்னன்னே தெரியலைங்க. உள்ள லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது..."

"அப்ப பேட்டரி கிண்ணுனு இருக்கு. ஹாரன் அடிச்சுப் பாருங்க."

அடித்தார். அடித்த ஹாரன் நிற்கவில்லை. வீறிட்டது. ஜன்னல்கள் திறந்தன. செயலாளர் ஒரு கால் செருப்போடு ஓடி வந்தார். கீழ் வீட்டுப் பல் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"விரலை எடுங்க சார்!"

"எடுத்துட்டேங்க! அது எடுக்கலை!"

செயலாளர் வேனின் நெற்றியில் ஓங்கி ஒரு குத்து விட்டார். ஹாரன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்து, கொட்டாவி விட்டு, அடங்கியது.

"பாத்தீங்களா? நம்ம கைராசி" என்றார் செயலாளர்.

வாத்தியார் சாவியைத் திருகினார். இந்தத் தடவை 'டக்' கூட இல்லை.

"தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார் பல் டாக்டர். "தண்ணி டேங்க் ஃபுல்லா? முதல்ல திறந்து விடுங்க. வெயிட்டு குறையும்."

திறந்துவிட்டார்கள். முற்றம் குளமானது. செயலாளரின் மிச்சமிருந்த செருப்பும் மிதந்து போனது. அந்தக் குளத்தில் நின்றுதான் எல்லோரும் தள்ளினார்கள். மேனேஜர் இரண்டு முறை வழுக்கி விழுந்து, இரண்டு முறையும் "எனக்கு ஒண்ணுமில்ல, தள்ளுங்க!" என்று எழுந்தார். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. வேன் உறுமவில்லை. உருண்டு போய் வாசல் கேட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று செருகிக்கொண்டு நின்றது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வழி அடைபட்டுவிட்டது. ஒரே வழி வேன்தான். பக்கக் கதவில் ஏறி, கட்டிலைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, டிரைவர் கதவு வழியாகத் தெருவில் இறங்க வேண்டும்.

"மன்னிச்சுக்கோங்க சார், உள்ள வரலாமா?"

"வாங்க வாங்க!"

இத்தனை பேர் தன் வீட்டுக்குள் வந்து வாத்தியார் பார்த்ததில்லை. ஒருவர் திரைச்சீலையைப் பாராட்டினார். இன்னொருவர் எதிர் இருக்கையில் ஒரு நொடி உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு போனார். வாத்தியாருக்குக் கை கால் ஓடவில்லை. டீக்குப் பால் வைத்தார்.

பல் டாக்டரின் மனைவி ஏறும்போதே விளக்கை அண்ணாந்து பார்த்தாள். "ஏன் சார், லைட்டு இப்படிப் பளிச்சுனு எரியுது. வண்டி செத்துக் கெடக்கு. ரெண்டுக்கும் ஒரே பேட்டரியா?"

வாத்தியார் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"இல்லம்மா... ரெண்டு. நான் விளக்கு பேட்டரிக்கு மட்டுந்தான் தினமும் சார்ஜ் போட்டேன். எஞ்சினோடது இத்தனை நாளும் பட்டினி."

"மிச்ச உசிரையும் ஹாரன் குடிச்சிடுச்சு" என்று பல் டாக்டர் மேனேஜரை முறைத்தார். அப்புறம் தெருக்கோடியில் நிறுத்தியிருந்த தன் காரைக் கொண்டுவர ஓடினார். எஞ்சின் பேட்டரிக்குக் கேபிள் போட்டார்கள். சாவியைத் திருகியதும் வேன் இருமி, புகை கக்கி, உயிர்த்தது.

கைத்தட்டல்! விசில்!

"கியரைப் போடுங்க சார்! நல்லபடியா போயிட்டு வாங்க!"

வாத்தியார் கண்ணாடியில் பார்த்தார். மேனேஜர் முகமெல்லாம் கிரீஸ். செயலாளர் வெறுங்காலோடு நனைந்து நின்றார். பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையில் டயர் அச்சு. எல்லாம் அவருக்காக.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"ஐயோ, அணைக்காதீங்க!" என்று ஒரே குரலில் அலறினார்கள்.

"அணைச்சுட்டேன்" என்றார் வாத்தியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் எங்கயும் போகலைங்க. எனக்குன்னு இத்தனை பேரு இருக்கீங்கன்னு தெரியாம, பெரிய முட்டாள்தனம் பண்ண இருந்தேன். வண்டியைப் பழைய இடத்துலயே தள்ளி விட்டுடலாம். உள்ள வாங்க, டீ கொதிக்குது."

ஒருவரும் அசையவில்லை. செயலாளர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் தரையைப் பார்த்தார்.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று வாத்தியார் டம்ளர்களை எடுத்து வைக்கும்போது, டிரைவர் கதவு வழியாக ஒரு பெயின்டர் டப்பாவும் பிரஷுமாக ஏறி வந்தான்.

"சார், வேன் காலி பண்ற இடத்துல மூணு காருக்குக் கோடு போடணும்னு நேத்தே சொல்லிட்டாங்க. செயலாளர், பேங்க் மேனேஜர், பல் டாக்டர்... இதுல யார் காரு ஓரத்துல வருது?"