வேன் வராததால் வந்த தண்ணீர்

திண்டிவனம் மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு முண்டியம்பாக்கத்திலிருந்து மாமனார் சின்னதுரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை தையல்நாயகியும் கறவை மாடு இரண்டும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகள் கவிதாவும் உங்கள் வேனும் சௌக்கியமா?

போன அமாவாசைக்கு எங்களை மேல்மலையனூர் கூட்டிப்போக வேன் கொண்டுவருவதாகச் சொல்லி, கிளட்ச் போய்விட்டது என்று வராமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், மனசாரச் சொல்கிறேன். புளிசோறு கட்டிவைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்த உங்கள் அத்தைதான் அன்றைக்கு உங்களை என்னென்னவோ சொன்னாள், எழுதினால் தாள் போதாது. அவள் வாய்க்குப் பயந்து வெளியே கிளம்பியவன் நேராகப் போய் உட்கார்ந்தது ஏரித் தண்ணீர்க் கூட்டத்தில். ஏரியில் பாதித் தண்ணீர்தான், நம் கடைமடை நெல்லோ கதிர் வாங்கும் சமயம், தலைமடைக்காரர்கள் பாய்ச்சி முடித்தபின் வருஷா வருஷம் நமக்கு மிஞ்சுவது காய்ந்த வாய்க்கால்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா. கூட்டம் போட்ட தொண்டு நிறுவனத்துப் பெண் கலைப்பிரியா வெளியூர், அமாவாசை பார்க்காமல் தேதி வைத்துவிட்டது. தலைமடைக்காரர் அத்தனை பேரும், நம் கடைமடைக்காரர்களும்கூட, மலையனூரில். வந்திருந்தது நான், ஏரியில் மீன் பிடிக்கிற பெரியசாமி, ஆடு மேய்க்கிற முனியம்மாள், அவ்வளவுதான்.

"எனக்கு நெலமே இல்லியேம்மா, நான் இன்னா பேசறது?" என்றாள் முனியம்மாள்.

"ஏரியில உங்க ஆடு தண்ணி குடிக்குது இல்லீங்களா, நீங்களும் பேசலாம்" என்றது அந்தப் பெண்.

"அப்பிடின்னா சொல்றேன். முப்பது வருசமா கடமடையில கூலிக்கு நட்டுக்கினு வர்றேன். நட்டதுல பாதி கருகிப் பூடுது. இந்த வாட்டி மொத தண்ணிய அங்க வுடுங்க."

பெரியசாமியும் தலையாட்டினார். முதல் தண்ணீர் கடைமடைக்கே என்று தீர்மானம் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். திரும்பி வந்த தலைமடைக்காரர்கள் முறைத்தார்கள், ஆனால் நோட்டில் ஏறியதை இன்னொரு கூட்டம் போடாமல் மாற்ற முடியவில்லை. மூன்றாம் நாள் நம் வரப்பில் தண்ணீர் வந்து மோதியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை. உங்களை நினைத்துத்தான் மடை திறந்தேன்.

அங்காளம்மன் உங்களையும் கவிதாவையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

அன்புடன் மாமனார்,
சின்னதுரை

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் மழை பிடித்து இரண்டு நாளாக விடவில்லை. ஏரி நிறைந்து வழிகிறது. தலைமடைக்காரர்கள் தங்கள் மடைகளை எல்லாம் மண்மூட்டை போட்டு அடைத்துவிட்டு, "மொத தண்ணி உங்களுக்குத்தாங்க, தீர்மானம் அப்பிடித்தான இருக்குது" என்கிறார்கள். நெல் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. நாளைக்கு அவசரக் கூட்டம். தலைமடைக்காரர் ஒருத்தர் விடாமல் வந்தே ஆகவேண்டும் என்று, நானே வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.