மான் வரவேற்பு உபகுழு

மனிதகுலம் இதுவரை மூன்று மாபெரும் காரியங்களைச் சாதித்திருக்கிறது. நெருப்பைக் கண்டுபிடித்தது, சந்திரனில் கால் வைத்தது, மெல்பேர்னின் ரோவில் புறநகர்த் தமிழர் ஒன்றியத்தின் ‘மான் வரவேற்பு உபகுழு’வை அமைத்தது. முதலிரண்டிலும் சில குறைகள் உண்டு.

ஒன்றியத் தலைவர் ஆனந்தராஜாவின் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் வெறுங்காணி, அதற்கு அப்பால் காடு. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் காட்டு மான்களை விரட்ட வழி தேடிக்கொண்டிருக்க, தலைவரோ அந்தக் காணியில் நடக்கவிருந்த ஒன்றிய வெள்ளிவிழாவின் அழைப்பிதழில் இப்படி அச்சடித்துவிட்டார்: ‘10.00 மங்கல விளக்கேற்றல். 10.15 வரவேற்புரை. 10.30 மான்கள் வருகை.’ அழைப்பிதழ் அச்சேறிய பிறகு மான்கள் மறுக்க முடியுமா?

அவற்றுக்கு என்ன பயிரிடுவது என்று தீர்மானிக்க உபகுழு ஐந்து முறை கூடியது. ஐந்து முறையும் தலைவரின் மனைவி ரஞ்சினி வடை சுட்டாள். வடைக்குப் போட்ட கறிவேப்பிலை அவளுடையது. மெல்பேர்ன் குளிரில் நாலு முறை பட்டுப்போகப் பார்த்த கன்றை, சாக்கும் போர்வையும் சுற்றி, கம்பிவலை கட்டி, பெற்ற பிள்ளைபோல் நெஞ்சுயரத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

“விதைக்கடைக்காரன் குளோவரும் ஓட்ஸும் போடச் சொல்லுறான் அண்ணை,” என்றார் செயலாளர் செந்தூரன்.

“புல்லைப் போட்டோ விருந்தாளியைக் கூப்பிடுறது? மான் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?” என்றார் தலைவர்.

முளைக்கீரையும் பயற்றங்கொடியும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. மான் சைவமா என்பதை உறுதிசெய்ய ஒரு கிளைக்குழுவும் நியமிக்கப்பட்டது.

நல்ல நேரம் பார்த்து விதைத்தார்கள். விதைத்த கையோடு, யாரும் சொல்லாமலே, காணியைச் சுற்றி ஆறடிக் கம்பிவலை வேலி எழும்பியது. யாழ்ப்பாணத்தான் வேலியில்லாமல் ஒரு செடி நட்டதாகச் சரித்திரம் உண்டா?

“வேலி இல்லாட்டிக் கண்ட மிருகமும் வந்து திண்டிடும்,” என்று செந்தூரன் விளக்கினார். கடைசிப் பக்கத்துக்கு வலை போதவில்லை. தலைவரின் கண் கறிவேப்பிலைப் பக்கம் போனது.

“இஞ்சரப்பா, அதில கை வையாதேங்கோ. வலை போனா என்ர மரம் போச்சு,” என்று ரஞ்சினி மறித்தாள்.

“பொதுக் காரியம் ரஞ்சினி. விழா முடியத் திருப்பிக் கட்டித் தாறன்.”

“சரி, மான் எதுக்குள்ளால வாறது?”

இந்த அற்பக் கேள்விக்கும் தீர்வு காணப்பட்டது: ஒரு கேற், அதற்கொரு பூட்டு. பூட்டின் திறப்பு தலைவரின் சாவிக்கொத்தில் இருக்கும். விழாவன்று பத்தரைக்குத் திறக்கப்படும்.

மான்கள் அன்றைக்கு விடிய ஆறு மணிக்கே வந்துவிட்டன. தமிழர் நிகழ்ச்சிக்கு நேரத்தோடு வருபவர்களுக்கு என்ன கதியோ அதுவேதான் அவற்றுக்கும். வேலியை ஒரு சுற்றுச் சுற்றின. பூட்டை மோந்து பார்த்தன. பிறகு வலை கழற்றப்பட்ட கறிவேப்பிலைப் பக்கம் திரும்பின. குசினி யன்னலால் கண்டுவிட்டு ரஞ்சினி அகப்பையோடு ஓடிப்போகையில் ஒரு முழக் கட்டைதான் மிஞ்சி நின்றது. ஐயோ, ஒரு இலைகூட இல்லை. அதைப் பிடித்தபடி ஈர மண்ணிலேயே இருந்து அழுதாள்.

“வந்திட்டுது! மான் வந்திட்டுது!” தலைவர் கட்டிய சாரத்தோடு ஓடிவந்து படமெடுத்தார். “அழாதையும் ரஞ்சினி, இது சரித்திரம்!”

பத்து மணி விழா பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கியது. திட்டம் முழு வெற்றி என்று தலைவர் முழங்கினார். வேலிக்குள் ஒரு கீரையிலும் வாய் படாததே நல்ல நிர்வாகத்துக்குச் சான்று என்றார் செயலாளர். வேலியே பயிரை மேய்ந்த கதை பழையது. இந்த வேலி தன் பயிரைக் காத்து அடுத்த பயிரைக் காட்டிக்கொடுத்தது. கைதட்டல் காடு வரை கேட்டது. அறுபது பேருக்கு மத்தியானச் சமையல் பொறுப்பேற்ற ரஞ்சினிக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் பொன்னாடையைக் கழற்றி அந்தக் கட்டைக்குச் சுற்றினாள். பிறகு கணவனிடம் கையை நீட்டித் திறப்பை வாங்கி, கேற்றை அகலத் திறந்துவிட்டாள்.

“நான் இண்டைக்கு அடுப்பு மூட்டேல்லை. வந்த விருந்தாளிக்கு என்ர மரத்தைக் குடுத்தனீங்கள். நீங்கள் பூட்டி வச்ச சாப்பாடு பத்திரமா உள்ளுக்க இருக்கு. கமிட்டி முதல் பந்தியில மேயட்டும்.”