தேங்காய் அளவு ஐஸ்

அரைகுறைப் படிப்பு ஆளைக் கெடுக்கும் என்பார்கள். என்னுடையது ஒரு பாரை மீனைக் கெடுத்தது. மயிரிழையில் அக்காவின் கலியாணமும் தப்பியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஊர்காவற்றுறையில் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன் (புத்தகத்தோடு திரிந்தேன் என்பதே சரி). அந்த வாரம்தான் இரசாயனத்தில் செறிவியல்பு பற்றிப் படித்திருந்தேன். பொருள் கூடினாலும் குறைந்தாலும் மாறாத குணம் அது, வெப்பநிலையைப் போல. அளவோடு கூடிக் குறையும் விரிவியல்பு அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அப்பாவின் வலையில் பெரிய பாரை ஒன்று பட்டது. அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீடு யாழ்ப்பாணப் பட்டணத்தில். மத்தியானச் சமையலுக்கு மீனைக் கொண்டுபோய்க் கொடுத்து, கலியாண நாளையும் கேட்டுவர ஏற்பாடு. மீன் வருகிறதென்று முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லியும் ஆயிற்று. மரப்பெட்டியின் ஒரு பக்கத்தை அப்பாவும் மறுபக்கத்தை நானும் தூக்கவேண்டும். நானோ புதுப் பாவாடை சட்டையில் இருந்தேன். பாரத்தைக் குறைக்க இருந்த ஒரே வழி ஐஸைக் குறைப்பது.

அப்பா அரைப் பாளம் எடுக்கப் போனார். நான் தேங்காய் அளவுக் கட்டி ஒன்றைக் காட்டினேன்.

"இது மட்டும் காணாது, பிள்ளை."

"பெரிய கட்டியும் பூச்சியம் பாகை, சின்னக் கட்டியும் பூச்சியம் பாகை. குளிர் ஒண்டுதானே, அப்பா?"

நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷன், "நீ படிக்கிறனீ, உனக்குத் தெரியும்" என்று தோற்றுப்போனார்.

கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. கொளுத்தும் வெயில். அரை மணித்தியாலத்தில் பெட்டிக்கு அடியால் தண்ணீர் ஒழுகி என் செருப்பை நனைத்தது. அப்போதுதான் நான் படிக்காத பக்கம் எனக்கு விளங்கியது. இரண்டு கட்டியும் ஒரே குளிர்தான். ஆனால் எவ்வளவு சூட்டை விழுங்கும் என்பது கட்டியின் அளவைப் பொறுத்தது.

இரண்டு மணித்தியாலம் போனது. முன் சீற்றில் இருந்த கிழவர் திரும்பி, மிக மரியாதையாகக் கேட்டார்: "உந்தப் பெட்டிக்குள்ள ஆர்?"

அப்பா இறங்கிப்போய்ப் பாரையைக் கடலில் எறிந்துவிட்டு, வெறும் பெட்டியோடு வந்தார். (பெட்டி இரவல். அதையும் எறிய ஏலாது.) அதுவரை நின்றுகொண்டு வந்த எங்களைச் சுற்றி நாலு சீற் காலியானது.

ஒருவழியாகப் பஸ் கிளம்பிப் போய்ச்சேர்ந்தபோது, மாப்பிள்ளை வீட்டில் மீன் குழம்புக்கு மசாலைக் கூட்டு அரைத்து, சட்டியும் அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். அப்பா வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளையின் தாயார் ஆசையோடு வந்து பெட்டியைத் திறந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மீன் எங்கே என்றார். அப்பா என்னைக் காட்டினார். முற்றத்தில் நின்று, செறிவியல்பை முழுவதுமாக விளக்கினேன். மாப்பிள்ளை உட்பட எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

தாயார் பொறுமையாகக் கேட்டு முடித்தார். "அப்ப மணமும் உந்தச் செறிவியல்புதானோ, பிள்ளை? மீன் இல்லாமலும் அப்படியே கிடக்கு."

மாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கி, நிறுத்த ஏலாமல் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அரைத்த கூட்டில் முட்டைக் குழம்பு வைத்தார்கள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். சம்பந்தம் போய்விட்டதென்றே நினைத்தேன். கை கழுவும்போது தாயார் அப்பாவிடம் சொன்னார்:

"வாற மாசமே கலியாணத்தை வைப்பம். இவள் மிச்சத்தையும் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னம்."

பிறகு நான் இரசாயன ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றைக்கும் அக்கா வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும், கேக் பெட்டியானாலும், அத்தான் வாசல் படலையிலேயே திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். போன மாதம் அவருக்கு முழங்கால் நோ. பேத்தியை அனுப்பி மோந்து பார்க்கச் செய்தார்.