கீச்சு டாக்டரின் பல் செட்டு

திருக்கோகர்ணத்தில் மனிதர்கள் கடைசியாகப் பயமில்லாமல் பல் பிடுங்கிக்கொண்டது, கீச்சு டாக்டர் தன் காருக்கு பிரேக் மாற்றுவதற்கு முந்தைய நாள்தான். அதற்குப் பிறகு டாக்டர் வருவதற்கு முன்னால் அவருடைய பிரேக் வந்துவிடும். தெருமுனையில் கிளம்பும் அந்தக் கீச்சல், பல் துளைக்கிற மெஷினை யாரோ மைக் செட்டில் பிடித்ததுபோல இருக்கும். க்ளினிக் பெஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். துணைக்கு வந்தவர்களும் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த க்ளினிக்குக்கு நேர் மேல் மாடியில் குடியிருந்தேன் நான். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த காலம். மீட்டிங் நடுவே கீச்சல் கேட்டால் மேனேஜர், "அங்கே மயில் வளக்குறீங்களா?" என்று விசாரிப்பார். எனக்குக் கார் பைத்தியம் உண்டு, கார்தான் கிடையாது. அதனால் டாக்டரின் பைத்தியத்தில் பங்கு சேர்ந்துகொண்டேன்.

கார் திருமயம் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. அந்த வீட்டு மகன் வாங்கிய கார், அவர் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டாராம். சிவப்பு நிறம், இரண்டே ஸீட்டு, தரையோடு தரையாக ஒரு உருவம். டாக்டரோ நல்ல உயரம். அவர் அதிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் கடைவாய்ப் பல் வேரோடு வெளியே வருவது மாதிரியே இருக்கும்.

வாங்கிய வேகத்தில் அதைக் கோயம்புத்தூர் பக்கத்து ரேஸ் ட்ராக்குக்கு ஓட்டிப் போனார். சொந்தக் காரை ஆசை தீர விரட்டிப் பார்க்க அங்கே சில நாட்களில் அனுமதி உண்டு. நாலைந்து சுற்றிலேயே பிரேக் சூடேறி, பெடல் பஞ்சு மெத்தையாகிவிட்டது. வளைவு ஒரு பக்கம் போக, டாக்டர் புல்தரைப் பக்கம் போய் நின்றார். வந்து நிதானமாக விளக்கினார்: "வண்டி மேல தப்பில்லம்மா. ஈறு செத்துப்போச்சுன்னா பல்லு என்ன பண்ணும்?"

உடனே சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடுகளில், சூடு தாங்குகிற ரேஸ் ரகத்தை வரவழைத்து மாட்டினார். சூடானால்தான் அவை ஒழுங்காகப் பிடிக்கும். ஆறிக் கிடந்தால் கத்தும். டவுன் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஊர்ந்து பால் வாங்கப் போகிறவருக்கு எங்கிருந்து சூடேறும்? அன்று கத்த ஆரம்பித்ததுதான். ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்குப் பேர் வைத்ததும் அன்றுதான்.

டாக்டர் கூச்சப்படவில்லை. கத்துகிற பல்லுக்கு வைத்தியம் தெரியாதா என்ன? பேடின் விளிம்பைச் சாய்வாகச் சீவினால் சத்தம் குறையும் என்று படித்துவிட்டு, பேடுகளைக் கழற்றிக்கொண்டு நோயாளி நாற்காலி வரைக்கும் போய்விட்டார். விளக்கைப் போட்டு, மாஸ்க்கை மாட்டி, பல் சீவும் மெஷினாலேயே சீவினார். வெளியே ஒருவர் என்னிடம் நடுங்கிக்கொண்டே கேட்டார்: "உள்ள யாருக்குங்க? அரை மணியாச்சு, ஒரு முனகல் கூடக் காணோமே."

"காருக்குங்க" என்றேன். அவர் வலி விட்டுப்போச்சு என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

சீவினார், பேடின் முதுகில் கிரீஸ் தடவினார், மெல்லிய தகடு வைத்தார். கீச்சல் சுருதி மாறியதே தவிர நிற்கவில்லை.

விபரீதம் ஒரு சனிக்கிழமை நடந்தது. டாக்டரம்மாவும் பல் டாக்டர்தான், குழந்தைகளுக்குப் பார்ப்பவர். ஒரு பொடிப்பயலைத் தாஜா செய்து, வாயைத் திறக்க வைத்து, விரலை உள்ளே விட்ட நேரம் பார்த்துத் தெருமுனையில் கீச்சல் கேட்டது. பயல் வாயை மூடிவிட்டான். விரல் உள்ளேயே இருந்தது.

கட்டுப் போட்ட விரலை நீட்டியபடியே அம்மா தீர்ப்புச் சொன்னார். "அடுத்தாப்புல நீங்க ட்ராக்குக்குப் போறதுக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லையா, காரைக்குடியில காரைக் கேட்டு ஆள் நிக்கிறாங்க, சாவியக் குடுத்துருவேன்."

டாக்டரின் முகம் அப்போதுதான் முதன்முறையாக வெளுத்தது. பழைய பேடுக்கே திரும்பினால் ட்ராக் போச்சு. இதையே வைத்திருந்தால் காரே போச்சு. நான் எளிய வழி சொன்னேன்: தெருவுக்கு ஒரு பேடு, ட்ராக்குக்கு ஒரு பேடு, மாற்றி மாற்றி மாட்டலாமே. அவர் என்னைப் பார்த்த பார்வை, குச்சியால் பல் குத்துகிறவர்களைப் பார்க்கிற பார்வை.

"கழட்டி மாட்டுறது வைத்தியம் இல்லம்மா, சமாளிப்பு. ஒரு தடவ வச்சா அசையக் கூடாது."

அது அவருடைய கொள்கை. கழற்றி மாட்டும் பல் செட்டு அவருக்குப் பிடிக்காது. யார் கேட்டாலும் நிலையாக நடுகிற பல்லைத்தான் சிபாரிசு செய்வார். அவர் பேச்சைக் கேட்காமல் அடம்பிடித்துச் செட்டு வாங்கிக்கொண்ட ஒரே ஆள் ஆவூர் சேசம்மா டீச்சர். ரிட்டயர் ஆனவர், மாதா கோயில் பாட்டுக்குழுவில் முதல் குரல். கெடு நெருங்கிக்கொண்டிருந்த வாரத்தில் அவர் செட்டைக் காட்ட வந்தார். வாயில் அது இல்லை. கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தார்.

"ஏன் டீச்சர் மாட்டிக்கல?" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

"வீட்டுல ரசஞ்சோறு திங்க இது எதுக்கு? கடகடன்னு சத்தம் வேற. பூசைப் பாட்டு, கல்யாணம்னா மாட்டிக்குவேன். விசேஷத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு சேலை வச்சுக்கலையா? பல்லு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

டாக்டர் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மாடிப்படியடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஜாக்கி எங்கிட்டு இருக்கு?"

சாதாரண பேடுகளைப் புதிதாக வாங்கி மாட்டிக்கொண்டு மறுநாள் காலையிலேயே இலுப்பூர் ரோட்டுக்குப் போனோம். புதுப் பேடு டிஸ்க்கோடு படிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் வேகம் போய் அழுத்தி மெதுவாக்கி, மறுபடி வேகம் போய் மறுபடி அழுத்த வேண்டும். ஆடு ஓட்டி வந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போறதும் தயங்குறதுமா இருக்கீகளே, எதையும் தொலச்சுட்டீகளா?"

"இன்னும் தொலையல. சத்தத்தைத் தொலைக்கத்தான் வந்திருக்கோம்" என்றார் டாக்டர், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காதைத் தீட்டியபடி.

ஊருக்குள் திரும்பியபோது ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு தலையும் திரும்பவில்லை. க்ளினிக் பெஞ்சில் கன்னங்கள் அதனதன் இடத்தில் இருந்தன. உள்ளே அம்மா ஒரு சிறுமியின் வாயில் விரலோடு இருந்தார். நிமிர்ந்து பார்த்து, "எப்ப வந்தீங்க?" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக டாக்டர் பட்ட பாடு எனக்குத் தெரியும். காரைக்குடிக்காரருக்குக் கார் இல்லை என்று அம்மாவே போன் செய்தார்.

ட்ராக்குக்குப் போகும்போது ரேஸ் பேடுகள் பெரிய பல் செட்டு டப்பா ஒன்றில், பஞ்சு சுற்றிப் பயணம் செய்தன. அங்கே போய் மாட்டினார். அன்று பெடல் கல் மாதிரி நின்றது. புல்தரைக்கு வேலையே இல்லை.

எனக்கு வேலை பெங்களூருக்கு மாறியது. கிளம்புகிற மாலை, பஸ் ஸ்டாண்டில் விடுவதாகச் சொல்லி டாக்டர் என்னையும் பெட்டியையும் மிச்சமிருந்த ஒற்றை ஸீட்டில் அடைத்தார். முதல் வளைவிலேயே தெரு அதிரக் கீச்சென்றது. வாசலுக்கு வாசல் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எனக்குக் கை காட்டினார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் மொத்தப் பேரும் எழுந்து நின்றார்கள். க்ளினிக் வாசலில் நின்ற அம்மா, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"டாக்டர், தெரு பேடு மாட்ட மறந்துட்டீங்களா?" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே, தேவையே இல்லாமல் இன்னொரு தடவை பிரேக்கை அழுத்தினார்.

"இன்னைக்கு விசேஷம்லம்மா."