பந்தலுக்குள் வந்த கோச்சி

கோபம் வந்தால் எனக்கு ஞாபகம் வேலை செய்யாது. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க என் தலையில் இடம் போதாது. இதை நான் தெரிந்துகொள்வதற்கு ஊரே கூடிச் சிரிக்க வேண்டியிருந்தது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி என்ன பெரிய தூரமா? நடந்தால்கூட வியர்க்காது. (சரி, கொஞ்சம் வியர்க்கும்.) ஆனால் காலையில் பஸ்ஸில் ஏறினால், வாகன நெரிசலில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் என் மகள் தின்ற இடியப்பம் செரித்து மறுபடி பசி எடுத்துவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. வாரத்தில் பாதி நாள் பாடசாலைக் கேற் மூடிய பிறகுதான் போய்ச் சேருவோம். பிந்தி வந்தவர்களின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். முதல் நாளே உடுப்பை மடித்து வைத்து, விடியுமுன் எழுந்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த எனக்கு வயிறு எரியும்.

இத்தனைக்கும் கண்டிக்குப் போகும் பழைய தண்டவாளம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. கோச்சி ஓடிப் பல வருடங்கள். இப்போது ஆடு மேய்கிறது.

அதை மறுபடி திறக்கலாமா என்று பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். வாய் திறக்கக் கூடாது என்ற தீர்மானத்தோடுதான் போனேன். அங்கே ஒருவர் எழுந்து, கோச்சி ஓடினால் மத்தியானத் தூக்கம் கெடும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க தூக்கத்துக்காக எம்புள்ள தெனமும் வெளிய நிக்கணுமா?" என்று தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடித்தேன். கை தட்டினார்கள்.

ரயில்வே அதிகாரி சிங்களத்தில் சொன்னார்: "தண்டவாள ட்ரொலியில் வந்து பார்க்கிறோம். பாதை தடையில்லாமல் இருந்தால் சோதனைக் கோச்சி விடச் சொல்லலாம். எந்த நாள் வரலாம்?"

"ஞாயிற்றுக்கிழமை வாங்க. லைன்ல ஈ காக்கா இருக்காது," என்றேன். அவ்வளவு நம்பிக்கையாக நான் என் கல்யாணத்துக்குக்கூடச் சம்மதம் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பரீனா ராத்தாவின் மகளுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடெல்லாம் மலைச்சரிவில் தொங்குகிறது. சமதரை என்று இருப்பது தண்டவாளம் மட்டுமே. நல்லதோ கெட்டதோ, கலியாணமோ மையத்தோ, பந்தல் அதன்மேல்தான். இந்தப் பந்தலுக்கு இடம் அளந்தபோது நாடாவின் மறுநுனியைப் பிடித்தது நான்.

அன்று பட்டுச்சேலையோடு பேரீச்சம்பழம் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஹோர்ன் சத்தம் கேட்டது.

"என்ன புள்ள அது?" என்றார் ராத்தா.

"யாரோ புத்தி கெட்டவன் ராத்தா. இந்த நேரம் பார்த்தா வருவான்?"

பந்தல் துணியைத் தள்ளிக்கொண்டு ட்ரொலியின் மூக்கு உள்ளே வந்தது. முன்னால் தண்டவாளத்தின் குறுக்கே பாய் விரித்து, ஆறாறு பேராகச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் சஹன் சாப்பாடு. அதிகாரி என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். என் கணவர் முந்திக்கொண்டார்: "இவதான் சார் வரச் சொன்னது." பந்தலே சிரித்தது.

ராத்தாவின் காதருகே கெஞ்சினேன். "கொஞ்ச நேரம் பந்தல கழட்டினா ட்ரொலி போயிரும்."

"மாப்பிள்ளை வார நேரத்துல பந்தல கழட்டவா? பைத்தியமா புள்ள ஒனக்கு? கலியாண வீட்டுக்கு வந்தவங்கள நிக்க வெச்சா பேசுற? உக்காரச் சொல்லு."

உட்கார்ந்தார்கள். ட்ரொலி ஓட்டியவரையும் சேர்த்து ஒரு சஹன் சரியாக நிரம்பியது. இனிப்புக்கு வட்டலப்பம் இரண்டு முறை போட்டுக்கொண்டார்கள். பிறகு வந்த வழியே திரும்பினார்கள். போகும்போது அதிகாரி, "பாதை ஏற்கெனவே நல்ல உபயோகத்தில்தான் இருக்கிறது, மிஸ்," என்றார். அதையேதான் மேலிடத்துக்கும் சொல்லியிருக்கிறார். திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. பந்தல் திங்கட்கிழமை கழன்றுவிட்டதே, அன்றைக்கு ஒரு தடவை வந்து பார்த்தால் என்ன? கலியாண வீட்டில் ஒரு நேரம் சாப்பிட்டதற்கு ஒரு ரயில் பாதையையே மறந்துவிடுவதா? (நான் வேறு நாள் சொல்லியிருக்கலாம். அதையும் தினமும் நினைக்கிறேன்.)

வீட்டில் இப்போது நடக்காத காரியத்துக்கெல்லாம் ஒரே பதில்தான். ஒழுகும் குழாயை எப்போது திருத்துவீர்கள் என்றால், "கோச்சி சாப்பிடுது," என்கிறார் கணவர்.

போன வாரம் மறுபடி பிந்தினோம். ஏன் தாமதம் என்று வகுப்பு டீச்சர் மகளிடம் கேட்டார்.

"எங்க கோச்சி இன்னும் கலியாண வீட்டுல சாப்பிட்டு முடியல்ல, டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மூடிய கேற்றைப் பார்த்தேன். டீச்சரும் எங்களைப் போலவே அதற்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.