மணி அடிக்காத மதியம்

“பேப்பரை நிறுத்தணுமா? உடம்பு கிடம்பு சரியில்லையா ஐயா?”

பேப்பர்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கேட்டார். முப்பது வருஷமாக அந்த வாசலில் பேப்பர் போடுகிறவர். புயலடித்த அன்றைக்கும் போட்டவர்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லை. பத்து நாளைக்கு வேண்டாம். அவ்வளவுதான்,” என்றார் செயலாளர்.

“பத்து நாளுன்னா, பிள்ளைங்க விடுமுறைக்கு வர்ற நாளும் அதுல வருதே?”

“அதனாலதான் வேண்டாங்கிறேன்.”

“ஐயா, வேற எந்த வாரம் வேணும்னாலும் நிறுத்துங்க. இந்த வாரம் மட்டும்...”

“என் வீட்டுக்குப் பேப்பர் வேணுமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்ப்பா.”

பேப்பர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செயலாளர் கதவைச் சாத்திவிட்டார்.

நகர்மன்றத்தில் முப்பத்தொரு வருஷம் செயலாளராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் செயலாளர்தான். உறுப்பினர்கள் கோப்புகளை வீசிக்கொண்ட காலத்திலும், மைக்கைப் பிடுங்கிய காலத்திலும், ஒரு பித்தளை மணியை அடித்தே சபையை வழிக்குக் கொண்டுவந்தவர். ஓய்வு பெற்ற அன்று அந்த மணியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். மன்றத்துக்கு மின்சார மணி வாங்க ஏற்கெனவே தீர்மானம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

அந்த மணி இப்போது சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. வருஷத்தில் ஒருமுறை, ஆண்டு விடுமுறைக்கு மகனும் மருமகளும் மகளும் மாப்பிள்ளையும் வரும்போது மட்டும் அது ஒலிக்கும்.

அதுதான் அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது.

மனைவி இருந்தவரை அந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்தியதில்லை. அவள் போனபின் வந்த முதல் விடுமுறையிலேயே ஆரம்பித்தது. மகன் ஏதோ தேர்தல் செய்தியைச் சொன்னான். மாப்பிள்ளை அதை மறுத்தார். குரல் ஏறியது. செயலாளர் தம்மையறியாமல் மணியை எடுத்து அடித்து, “அமைதி! ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாது!” என்றார். பிறகு ராத்திரிவரை சபை நடந்தது. மணி பத்தானதும், “விவாதம் நாளைக் காலை எட்டு மணிக்கு ஒத்திவைக்கப்படுகிறது,” என்றார். எல்லோரும் மாடிக்குப் போய்ப் படுத்தார்கள். காலையில் மீதிச் சண்டை.

நான்கு வருஷமாக இதே கதை. போன வருஷம் மாப்பிள்ளை ஒரு படி மேலே போய், வேலைநிறுத்தம் பற்றிய வாக்குவாதத்தில், “இந்தச் சபையில எனக்கு மரியாதை இல்லை!” என்று வெளிநடப்பே செய்துவிட்டார். கதவு அறைந்த சத்தத்தில் எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை அலுவலக ஆண்டு விழா நாடகங்களில் நடிக்கிறவர். அவர் கதவைச் சாத்தினால் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்துவிட்டார். போன மானம் வந்ததா? ஒரு குடும்பத்துக்குள் நடப்பது வாசல் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டது. மறுநாள் டீச்சர், “நேத்து ஏதோ சத்தம் கேட்டுச்சே?” என்றபோது, செயலாளர், “ரேடியோ,” என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களில் அதுவும் ஒன்று.

இப்படியே போனால் ஒருநாள் மாப்பிள்ளை வெளிநடப்புச் செய்து திரும்பாமலே இருந்துவிடுவார். அவரோடு மகளும் போய்விடுவாள். பிறகு அந்த ஒரு நாளும் இல்லை. செயலாளரின் கவலை அதுதான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஆகவே சுற்றறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்தார். “விடுமுறை நாளில் மேஜையில் பேசக் கூடாதவை: தேர்தல், வேலைநிறுத்தம், போர்.” இரண்டு பிரதி எடுத்து, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினார்.

மகன் போன் செய்தான்.

“அப்பா, ஆபீஸுக்கு ஏன் அனுப்பினீங்க? எல்லாரும் கோர்ட் நோட்டீஸ்னு நினைச்சு என்னைத் துக்கம் விசாரிக்கறாங்க.”

“ஒப்புகைச் சீட்டுல கையெழுத்து போட்டியா?”

“போட்டேன். ஏம்ப்பா, செய்தியே பேசக் கூடாதா? சரி, இந்த மூணும் வேண்டாம். விலைவாசி?”

“அதுவும் கூடாது.”

“பட்டியல்ல இல்லையே.”

“இப்ப சேர்த்தாச்சு.”

சண்டைக்கு எப்படி அலைகிறான் பார் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றறிக்கை அனுப்பினார். மகள் கூப்பிட்டாள்.

“மழையைப் பத்தியாவது பேசலாமாப்பா?”

“கூடாது.”

“மழை என்னப்பா பண்ணுச்சு உங்களை?”

“மழை ஒண்ணும் பண்ணலை. தண்ணி எங்கே தேங்குது, ஏன் தேங்குது, யார் காலத்துல தேங்க ஆரம்பிச்சுதுன்னு உன் வீட்டுக்காரர் கேப்பார்.”

“அதுக்குத்தானேப்பா நான்...” என்று ஆரம்பித்த மகள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “சரிப்பா. நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?”

“ம்.”

மறுநாள் மாப்பிள்ளை. “மாமா, வணக்கம். விளையாட்டு பேசலாங்களா?”

“அதுக்குத் தேர்வுக் குழுன்னு ஒண்ணு இருக்கு மாப்பிள்ளை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“சினிமா?”

“அதுல நடிக்கிறவங்க தேர்தல்ல நிக்கறாங்க.”

மருமகள் மட்டும் நயமாக, “மாமா, எதைப் பேசலாம்னு ஒரு பட்டியல் போட்டீங்கன்னா எங்களுக்குச் சுலபமா இருக்கும்,” என்றாள். நல்ல யோசனை. செயலாளர் காகிதம் எடுத்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது காகிதத்தில் “உடல்நலம்” என்ற ஒரே சொல் இருந்தது. அதையும் யோசித்துப் பார்த்தார். உடல்நலம் என்றால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் அரசாங்கம். அடித்துவிட்டார்.

தடைப் பட்டியல் நாற்பத்து மூன்றில் வந்து நின்றது. வீட்டிலேயே செய்தி இருக்கக் கூடாது என்றுதான் பேப்பரை நிறுத்தினார். டிவியைக் கழற்றித் துணி அலமாரிக்குள் வைத்தார்.

அன்று மாலைதான் அவருக்கு ஒன்று தெரிந்தது. அந்த டிவியில் அவர் செய்தி பார்த்ததே இல்லை. யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகத்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான் பேசியது. அதுவும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப.

பேப்பரை நிறுத்திய விஷயம் தெருவில் வேறு மாதிரி பரவியது. பேப்பர்காரர் டீச்சரிடம் சொல்லிவிட்டார். டீச்சர் ஒரு பாத்திரத்தில் சூப்போடு வந்து நின்றாள்.

“உடம்பு முடியலையாமே? சொல்லியனுப்பக் கூடாதா?”

“எனக்கு ஒண்ணும் இல்லைம்மா.”

“எங்க பெரியப்பாவும் இப்படித்தான் சொன்னார். அடுத்த வாரம்...” என்று அவள் முடிக்காமல் விட்டாள்.

தாம் நலமாக இருப்பதைத் தெருவுக்கு நிரூபிப்பதற்காக, மறுநாள் காலை சலவைச் சட்டையும் பழைய அலுவலகக் கோட்டும் பளபளத்த ஷூவுமாகத் தெருமுனைவரை நடந்து திரும்பினார். பத்து மணிக்குள் மகளின் போன்.

“அப்பா! கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு எங்கேப்பா கிளம்பினீங்க? ஏதோ முதியோர் இல்லத்துல சேரப் போறீங்கன்னு டீச்சர் சொல்றாங்க!”

“நடக்கப் போனேன்.”

“ஷூ போட்டுக்கிட்டா?”

“வெறுங்காலோட போனா மட்டும் சும்மா விடுவீங்களா?”

இப்படியாக விடுமுறை நாள் வந்தது.

செயலாளர் இரண்டு நாள் முன்பே மாடி அறைக் கட்டில்கள் இரண்டுக்கும் விரிப்பு மாற்றியிருந்தார். நான்கு தலையணை உறைகளையும் தாமே துவைத்து, தாமே இஸ்திரி போட்டார். மறுநாள் காலைக்கு என்று இருபது முட்டை வாங்கி வைத்தார். மணியை எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். பிறகு அதற்கு இன்று வேலை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் எடுத்து வைக்கவில்லை.

மேஜைக்கு எதிர்ச் சுவரில் தடைப் பட்டியலின் நாற்பத்து மூன்று இனங்களும் ஒட்டப்பட்டிருந்தன. எல்லோரும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் அதைப் படித்தார்கள். படித்து முடிக்கும்வரை சாப்பாடு ஆறியது.

“உப்பு,” என்றான் மகன்.

“இந்தாங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளை.

“நன்றி.”

“பரவாயில்லை.”

அந்த வீட்டில் இவ்வளவு மரியாதையான பேச்சு நான்கு வருஷத்தில் நடந்ததில்லை. செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் போயிற்று.

“இன்னைக்கு வெயில்...” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். மருமகள் சுவரைக் காட்டினாள். இனம் பத்தொன்பது. மாப்பிள்ளை வாயில் ஒரு கவளத்தைப் போட்டு வெயிலை விழுங்கினார்.

“காய் நல்லா இருக்கு,” என்றாள் மகள்.

“என்ன விலைக்கு...” என்று வாய் தவறிய மகன், “மன்னிச்சுக்குங்கப்பா,” என்றான்.

பிறகு யாரும் முயலவில்லை. கரண்டிகள் தட்டில் உரசின. கடிகாரம் பேசியது. மகள் இரண்டு தடவை மணியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். மகன் உதட்டைப் பிதுக்கினான். செயலாளரின் கை மணிக்குப் பக்கத்தில் இருந்தது. அடிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வருஷத்தின் மற்ற நாட்களில் அவர் சாப்பிடும் அதே மதியம்தான் இது. தட்டுகள் மட்டும் நான்கு அதிகம்.

மூன்று மணிக்கு மகன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“அப்ப, கிளம்பறோம்ப்பா.”

“இப்பவேவா?” என்று கேட்க நினைத்த செயலாளர், “சரி,” என்றார்.

“வேலை ஏதும் பாக்கி இல்லையே?” என்று மகன் தயங்கி நின்றான். “காலையில பேசி முடிக்கற மாதிரி ஏதாவது?”

“ஒண்ணும் இல்லை.”

“நிஜமாவாப்பா?” என்றாள் மகள்.

“அதான் சொல்றேனே.”

மாடியில் நான்கு உறைகள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தன. சொல்லியிருக்கலாம். வந்தவர்களை ‘இருங்கள்’ என்று கெஞ்சிய வழக்கம் அந்தப் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. அவர் அப்பா கெஞ்சியதில்லை, தாத்தா கெஞ்சியதில்லை. அந்த வரி தொண்டைவரை வந்து, அவர்களையெல்லாம் நினைத்து, மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டது.

முதுகை நேராக வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார். மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்தார். இந்தத் தடவை சத்தமே இல்லாமல். அது என்னவோ செயலாளருக்குப் போன வருஷத்துச் சத்தத்தைவிட மோசமாகக் கேட்டது.

அப்போது தெருமுனையிலிருந்து ஒரு சைக்கிள் மூச்சிரைக்க வந்தது.

“தம்பி! தம்பி! கிளம்பிடாதீங்க!” பேப்பர்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து இரண்டு கட்டுப் பேப்பரை எடுத்தார். ஒன்றை மகன் கையிலும் மற்றதை மாப்பிள்ளை கையிலும் திணித்தார். “மன்னிச்சுக்குங்க, லேட்டாயிடுச்சு. இது உங்களுக்கு, ஆதரவு. அது மாப்பிள்ளைக்கு, எதிர்ப்பு. எல்லாத்துலயும் அடிக்கோடு போட்டிருக்கேன்.”

மகன் வேகவேகமாகக் கண் ஜாடை காட்டினான். மகள் தலையில் கை வைத்தாள். மாப்பிள்ளை, மேடையில் வசனம் மறந்தவர்போல், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“என்னப்பா இது?” என்றார் செயலாளர். “ஆதரவு என்ன, எதிர்ப்பு என்ன? இந்த வீட்டுக்குப் பேப்பர் வேண்டாம்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?”

பேப்பர்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குச் செயலாளர்மேல் கோபம் வந்தது.

“என்ன ஐயா நீங்க! நாலு வருஷமா இவங்க என்கிட்ட செய்தி கேட்டு வாங்கி, கார்ல ஒத்திகை பார்த்து, உங்க முன்னாடி வந்து சண்டை போடறதே, ‘ராத்திரி தங்கிட்டுப் போங்க’ன்னு உங்க வாயில வராது, ‘நாளைக்கு ஒத்திவைக்கிறேன்’னுதான் வரும்னுதானே!”